பறை தருவார்களாம், கிடார் தரமாட்டார்களாம்

செஞ்சிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளிக்கு இசைக்கருவிகள் வாங்க நிதி கேட்டு, ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். பட்டியலில் பறை ஆறு, சிறிய எலக்ட்ரிக் கிடார் இரண்டு, சின்ன ஆம்ப் ஒன்று. பதில் மிக மரியாதையாக வந்தது. பறை ஆறென்ன, பன்னிரண்டுகூட வாங்கிக்கொள்ளலாமாம். கிடாருக்கு மட்டும் நிதி கிடையாது. "அது உங்கள் சமூகத்தின் பண்பாட்டு வேர்களோடு பொருந்தவில்லை" என்று ஒரு வரி.

எங்கள் வேர் எது என்று எங்களுக்கே சொல்லித்தர ஆள் இருப்பது புதிதல்ல. ஆனால் அதே மாதம் ஒரு கருத்தரங்கில் நம் தோழர் ஒருவரும் ஏறக்குறைய இதையே சொன்னார். "கிடாரெல்லாம் நகரத்து நடுத்தர வர்க்க மோகம் தோழர், பறைதானே நம்ம ஆயுதம்?" கைதட்டலும் கிடைத்தது. அறக்கட்டளைக்காக நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கைதட்டியவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய அப்பா சாவுக்கு அடிக்கப் போகிறவர். அவர் அப்பாவும் போனவர். எங்கள் பள்ளியில் பறைப் பயிற்சி தொடங்கிய அன்று எல்லாப் பிள்ளைகளும் முண்டியடித்தபோது இவள் மட்டும் சுவரோரம் நின்றாள். ஏன் என்று கேட்டேன். "வேணாம்க்கா. பள்ளிக்கூடத்துல என்னை அதை வச்சுத்தான் கூப்பிடுறாங்க" என்றாள். வேறு என்ன வாசிக்க ஆசை என்றதற்கு யோசிக்காமல் கிடார் என்றாள். அவள் அப்பாவிடம் பேசினேன். "நான் அடிச்சது என்னோட போகட்டும்மா. அதுக்குப் புடிச்சதைக் குடுங்க" என்றார்.

இந்த வீட்டுக்குள் போய், 'பறைதான் உன் ஆயுதம்' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் துணிச்சல் அந்தத் தோழருக்கு உண்டா?

பறையை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் பிள்ளைகள் நன்றாக அடிக்கிறார்கள், நானும் அடிப்பேன். ஆனால் பறைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு, நம் மேடைகளில் ஒன்றைத்தான் பேசுகிறோம். சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து, 'இனி அடிக்கமாட்டோம்' என்று ஊரோடு மோதி அடிபட்டவர்கள் இந்தத் தென்னாற்காட்டு மண்ணில் உண்டு. பறையைக் கொளுத்தியவர்கள் உண்டு. பிறகுதான் இன்னொரு தலைமுறை அதே கருவியை மேடைக்குத் தூக்கி வந்து விடுதலையின் இசை என்று முழங்கியது. இரண்டும் சுயமரியாதையிலிருந்து வந்தவைதான். அடிக்கமாட்டேன் என்றவருக்கும் அடிப்பேன் என்றவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: அதை முடிவு செய்தவர்கள் அவர்களே. இன்று நிதி தருகிறவரும் விழாக்குழுவும் கல்லூரிக் கலைவிழாப் பொறுப்பாளரும் அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தலித் பிள்ளையா, பறையைக் கொடு. ஊர்க்காரர் கட்டாயப்படுத்தியபோது அதற்குப் பெயர் அடிமைத் தொழில். இவர் கட்டாயப்படுத்தினால் பண்பாட்டுப் பாதுகாப்பு!

செஞ்சியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கோட்டைக் குன்றுகளுக்கு என்னென்ன பெயர் என்று பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இவற்றோடு சிறியதாக ஒன்று, சக்கிலிதுர்க்கம். தோல் வேலை செய்த மக்களின் பெயர் குன்றின்மேல் நிற்கிறது. அந்த மக்களின் கதையைச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் அங்கே பார்த்ததில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தா ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் பாரம்பரியம் என்று பட்டியல் போடும்போது நம்மை எந்த இடத்தில் வைப்பார்கள் என்பது இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் தெரியும். குன்றில் பெயராக வைப்பார்கள். வரவேற்பு நிகழ்ச்சியில் பறையோடு வாசலில் நிற்க வைப்பார்கள்.

சரி, கிடார் அந்நியம் என்கிறார்களே, வயலின்? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பத்தொன்பதின் தொடக்கத்தில் வெள்ளைக்காரரிடமிருந்து கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? யு. சீனிவாஸ் எலக்ட்ரிக் மேண்டலினை எடுத்து, அதன் கம்பி அமைப்பையே தன் இசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு வாசித்தார். சபாக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் அப்படித்தான். இவர்களில் யாரிடமாவது போய் 'உங்கள் வேர்களோடு பொருந்தவில்லை' என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சபாவுக்குள் போன கருவி மரபாகிவிடுகிறது. சேரிக்குள் வந்தால் மட்டும் மோகம்.

பாபாசாகேப் தன் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். புனேயில் சிம்பயோசிஸ் நிறுவனத்தின் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் அவருடைய வயலினை வைத்திருக்கிறார்கள். அவர் கோட்டு சூட்டு போட்டதற்கு விளக்கம் சொல்லத் தெரிந்த நமக்கு, வயலினுக்கு மட்டும் ஏன் விளக்கம் தேவைப்படுகிறது?

நிதி வரவில்லை என்று நாங்கள் சும்மா இருக்கவில்லை. பாண்டிச்சேரியில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவரிடமிருந்து பழைய கிடார் ஒன்றை வாங்கினோம். தலைப்பகுதியில் இருந்த பெயர் அழிந்துபோயிருந்தது. தையல்கார டேப்பில் அளந்தால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 22¾ அங்குலம். இதைத்தான் ஷார்ட் ஸ்கேல் என்கிறார்கள். பெரிய ஃபெண்டர் கிடார்களில் இந்த நீளம் 25½. ஸ்குவையர் மினி என்று கடையில் விற்பதும் 22¾தான். ஐபனெஸ் மிக்ரோ இன்னும் குட்டை, 22.2.

இரண்டே முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். பெரிய கிடாரில் நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை சுமார் 134 மில்லிமீட்டர். இதில் 119தான். நடவுக்கும் கடலை பிடுங்கவும் போய்க் காய்த்திருக்கிற சின்னக் கைக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

வந்த நிலையில் அது வாசிக்க லாயக்கில்லாமல் இருந்தது. விலை மலிவான கிடார்களின் வியாதிகள் எல்லாம் அதற்கும் இருந்தன. கம்பிகள் விரல் பலகையிலிருந்து அநியாய உயரத்தில் நின்றன, அழுத்தினால் விரல் வெட்டுப்படும். ஃப்ரெட்டுகளின் முனை பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறியது. நம் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அவ்வளவுதான் காரணம். ஆம்பில் செருகினால் வண்டுபோல ஒரே இரைச்சல்.

இதையெல்லாம் சரிசெய்ய சென்னைக்கு எடுத்துப்போகவில்லை. எங்கள் காலனியிலேயே வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார், மைக்செட் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நட்டில் கம்பி உட்காரும் பள்ளத்தை ஆழப்படுத்தத் தனி அரம் உண்டு, அதன் விலையில் இன்னொரு கிடார் வாங்கலாம். தம்பி கேஸ் வெல்டிங் நாசில் குத்தும் ஊசிக்கட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடிமனிலும் ஓர் ஊசி, ஒவ்வொன்றும் சின்ன அரம். கம்பிக்கு ஏற்ற ஊசியை எடுத்து நாலு இழுப்பு இழுத்துப் பார்ப்பது, போதாவிட்டால் இன்னும் ரெண்டு. அவசரப்பட்டால் பள்ளம் அதிகமாகிக் கம்பி ஃப்ரெட்டில் உரசும். ஒரு பள்ளம் அப்படித்தான் போனது, பல்பொடிபோல நுணுக்கிய எலும்புத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தோம். ஃப்ரெட் முனைகளை அரத்தால் சாய்த்து, உப்புத்தாளால் தேய்த்தோம். நட்டுப் பள்ளத்தில் பென்சில் கரி தடவினால் கம்பி சிக்காமல் வழுக்கும். கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்ததை உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை அலன் கீயால் கால் திருகு, நாள் விட்டு இன்னொரு கால் திருகு என்று நிமிர்த்தினோம்.

இரைச்சலுக்கு மைக்செட் அண்ணன் பொறுப்பெடுத்தார். பின்பக்கத்தைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். பிரிட்ஜுக்குப் போகவேண்டிய எர்த் ஒயரே இல்லை. அதைப் பத்தவைத்தார். வயர்கள் இருக்கும் பள்ளத்தின் உட்புறம் முழுக்கச் சாப்பாடு பார்சல் கட்டும் அலுமினியத் தாளை ஒட்டினோம். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது என்பதால் எர்த் ஒயரை வாஷர் வைத்து ஸ்க்ரூவால் அழுத்தினார். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் மூன்று கால் பிளக்கில் எர்த் காலை உடைத்துவிட்டு ஆம்பைச் செருகாதீர்கள். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது. கிடார் கம்பி உங்கள் கையில் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.)

ஆம்பும் அங்கேயே தயாரானது. எல்எம் 386 என்ற எட்டுக்கால் ஐசி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, பழைய ரேடியோ ஸ்பீக்கர். ஒன்றாவது காலுக்கும் எட்டாவது காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் இருபது மடங்குப் பெருக்கம் இருநூறாகும். சத்தம் உடைந்து கரகரக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கரகரப்புத்தான் வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. அழுத்தும் போதே சுதி ஏறிவிடும். கிடார் மட்டம், பொம்மை, வேறென்ன எதிர்பார்ப்பது என்று நான் நினைத்தேன். அந்தப் பெண் நினைக்கவில்லை. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைக் கொண்டுவந்து சுரமானிப் பாடத்தைத் திறந்தாள். ஒரே கம்பி, ஒரே சுதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 22.75ஐ 25.5ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.796. அதாவது இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதை ஈடுகட்டக் கம்பி கனமாக வேண்டும். எடை தடிமனின் வர்க்கத்தில் ஏறும். 0.009 அங்குலக் கம்பிக்குப் பதில் 0.010 போட்டால் 1.23 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்று. பத்தாம் நம்பர் செட் வாங்கிப் போட்டோம், கம்பி விறைத்து நின்றது. பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஒலியையும் அதே இடத்தில் விரல் பட்டும் படாமல் தொட்டு எடுக்கும் ஒலியையும் போன் செயலியில் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜ் துண்டைப் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்தாள். அவள் படிக்கும் அரசுப் பள்ளியின் ஆய்வகத்தில் சுரமானி அலமாரிக்குள் பூட்டியே இருக்கிறதாம்.

சமூகவியல் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதையும்விட இந்த ஒரு மாதம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. கருவியைச் செய்யும் கையும் வாசிக்கும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதில் சாதி மிகக் கவனமாக இருந்திருக்கிறது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது, விழா வேறு இடத்தில் நடந்தது. தோலைத் தேர்ந்தெடுப்பது, பதப்படுத்துவது, வார் பிடிப்பது, சுதி சேர்ப்பது எல்லாம் அவர்கள் அறிவு. பாராட்டும் பட்டமும் மேடைக்கு. சாதி வேலையை மட்டுமல்ல, வேலையாட்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கியது இதைத்தான். வெல்டிங் தம்பியும் மைக்செட் அண்ணனும் அந்தப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு கருவியைப் பிரித்து, புரிந்துகொண்டு, மறுபடி கட்டி, வாசிக்கவும் செய்தார்கள். இதில் எங்கே இருக்கிறது நடுத்தர வர்க்க மோகம்? கடைக்குப் போய் லட்ச ரூபாய்க்குக் கிடார் வாங்கிச் சுவரில் மாட்டினால் அதை மோகம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் அவளுடைய அப்பா வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். "அந்த மூணாவது கம்பி எறங்கியிருக்கு பாப்பா" என்றார். செயலியில் பார்த்தால் இறங்கித்தான் இருந்தது. வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், போதும் என்று நாற்பது வருடம் முடிவு செய்த காது அது. அந்தக் காதின் கணக்கை எந்தப் பண்பாட்டு நிதியும் கேட்டதில்லை. கேட்பது தோலை மட்டும்தான்.

ஷார்ட் ஸ்கேல் பொம்மைக் கருவி என்பதற்கும் ஒரு வார்த்தை. ஃபெண்டர் 1956இல் மியூசிக்மாஸ்டர், டுவோ சோனிக் என்று 22½ அங்குலக் கிடார்களை மாணவர்களுக்காகவே கொண்டுவந்தது. 1964இல் வந்த மஸ்டாங்கும் மாணவர் கிடார்தான். விலை குறைவு என்பதால் பின்னாளில் காசில்லாத ராக் இளைஞர்கள் அடகுக் கடைகளிலிருந்து அதை எடுத்தார்கள், கர்ட் கோபேன் கையில் அது உலகம் சுற்றியது. குயீன் குழுவின் பிரையன் மே அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தில் வீட்டிலேயே செய்த கிடாரின் நீளம் 24 அங்குலம், அதை வைத்தே வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினப் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் ஆணியடித்து ஒற்றைக் கம்பி கட்டி வாசிக்கப் பழகினார்கள். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டபோது யாரும் அந்நியம் என்று கூசவில்லை.

நம் வீட்டுக் கதையே இருக்கிறது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. கானா, பறை, சட்டி, கூடவே எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். பறையும் கிடாரும் ஒரே மேடையில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. நம் கருத்தரங்குத் தோழரும் அந்தப் பாட்டுகளைத்தான் போனில் வைத்திருக்கிறார். மேடையில் கேட்டால் புரட்சி, செஞ்சிக் காலனியில் ஒரு பெண் கேட்டால் மோகம்.

பெண் என்றேன். அதையும் சொல்லியாக வேண்டும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அந்தப் பெரிய கூட்டத்தில் இசைவாணி ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது நாம் எல்லோரும் பகிர்ந்தோம், ஏன் ஒருவர் மட்டும் என்று எத்தனை பேர் கேட்டோம்? எங்கள் பள்ளியிலும் கிடார் வாசிக்கத் தயாரான அன்றே பையன்கள் அதைக் கைப்பற்றினார்கள். அவளுக்காக வாங்கி, அவள் கணக்குப் போட்டுக் கம்பி மாற்றிய கிடார் இரண்டு வாரம் அவள் கைக்கு வரவில்லை. நானும் கவனிக்காமல் இருந்தேன். அவள்தான் ஒருநாள், "அக்கா, நான் போய் பறையே அடிச்சிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் கிழமை பிரித்து அட்டவணை போட்டோம். திங்கள், புதன், வெள்ளி பெண்களுக்கு.

இந்தக் காசுக்கு டியூஷன் வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: டியூஷனும் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் போதும், பாட்டு வேண்டாம் என்று யார் தீர்மானித்தது? மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் முழுநேரப் படிப்பாக இருப்பவை குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். பறையும் இல்லை, கிடாரும் இல்லை. இரண்டையும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்ற பேரத்துக்கு நாம் ஏன் இணங்கவேண்டும்? அறக்கட்டளைக்குப் பதில் எழுதிவிட்டோம். பறைக்கான நிதியையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் இருக்கும் நான்கு பறைகள் இப்போதைக்குப் போதும், தோல் மாற்றத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஏப்ரல் 14 அன்று அவள் வாசிக்கிறாள். பறை அடிப்பது அவளுடைய தம்பி, அவனாகவே கேட்டு வந்தான். இரண்டாவது கிடார் ஒன்று திண்டிவனத்திலிருந்து கிடைத்திருக்கிறது. கழுத்து கோணல், இரண்டு திருகு சுற்றவே மாட்டேன் என்கிறது, பிக்கப் ஒன்று ஊமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதைப் பிரிக்கப்போகிறோம். வருகிறவர்கள் உப்புத்தாள் கொண்டுவாருங்கள், 400ஆம் நம்பரும் 1000மும். சால்டரிங் அயன் ஒன்றுதான் இருக்கிறது, யாரிடமாவது இருந்தால் அதையும்.